கேட்டு வைத்த நான்கு ஜிபி

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மழை விட்டிருந்தது. கரித்தூள் கரைந்த தண்ணீர் ரோட்டோரம் கறுப்பாக ஓடியது. விருத்தாசலம் போகும் பஸ் அதை வாரிக் கடைப்படி வரைக்கும் இறைத்துவிட்டுப் போனது. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் கறுப்புத் தண்ணீர் ஒரு சேதி இல்லை.

கடையின் முன்பாதி ஜெராக்ஸுக்கு, பின்பாதி ரிப்பேருக்கு. சிட்டா நகல் எடுக்க வந்த விவசாயி ஒருவர் ஈரக்குடையை எங்கே சாத்துவது என்று இடம் தேடிக்கொண்டிருக்கிறார். பின்பாதியில் சுவரோரம் சிபியுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்டுக் காகிதம்: '10 டு 11'. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பத்தாண்டு ஓடிய ஏற்பாடு. தீபாவளி கழிந்ததும் கடைத்தெருவின் நகைக்கடை, மருந்துக்கடை, ஆடிட்டர் ஆபீஸ் பெட்டிகளெல்லாம் இங்கே வந்து சேர்ந்துவிட்டன.

நாற்காலியில் மெக்கானிக் தம்பி. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். காதில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கிறான். அவனுக்குப் பக்கத்து ஸ்டூலில், நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். அவருக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. பேப்பர் படிக்க வருகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய அக்கா, பாலிதீன் தாளில் சுற்றிய சிபியுவை இடுப்போடு அணைத்துக்கொண்டு படியேறினாள். என்எல்சி வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆபீசில் கணக்கெழுதுகிறவள். மேசையில் இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் பெட்டியைத்தான் முதலில் துடைத்தாள், முகத்தை அப்புறம்.

"தம்பி, எக்ஸ்பி தொறக்க மாட்டேங்குது."

"இது லெவன் போட்ட பெட்டியாச்சேக்கா?"

"பெட்டி லெவன். எக்ஸ்பி உள்ள இருக்கு."

தம்பி தலையாட்டினான். ஒயர்களை மாட்டினான். திரை வெளிச்சமாயிற்று.

2006 வாக்கில் யாரோ எழுதிக் கொடுத்த சம்பளப் புரோகிராம் அது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியை விட்டு நகராது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கைவிரித்தது 2014 ஏப்ரல் 8-இல். பழைய கம்ப்யூட்டர் சாகுமுன்னே அதன் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக மாற்றி, வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரமாக யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கடைக்காரர்கள் வாயில் அது விஎம். நிஜப் பெட்டி ஒன்று. அதற்குள் ஒரு சன்னலில் பச்சைப் புல்வெளியும் நீல வானமுமாக இன்னொரு பெட்டி. உள்ளே இருப்பதற்குத் தன்னைச் சுற்றி ஒரு லெவன் இருப்பது தெரியாது. அதற்கு இன்னும் எக்ஸ்பி காலம்தான்.

"யூஏஎன் நம்பரெல்லாம் இதுல எப்படிக்கா போடுறீங்க?"

"முகவரி ரெண்டுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல."

வருங்கால வைப்புநிதிக்கான பன்னிரண்டு இலக்க யூஏஎன் எண் வந்தது 2014-இல். அதற்கு முன் பிறந்த புரோகிராமில் அதற்கு இடமில்லை. எண்பது சொச்சம் பேரின் எண்களை அக்கா முகவரிக் கட்டத்தில் குடிவைத்திருக்கிறாள். மாதா மாதம் அதை டெக்ஸ்ட் கோப்பாக வெளியே எடுத்து, எக்செல்லில் போட்டு, ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவே ஹேஷ், டில்டே, மறுபடி ஹேஷ் என்ற குறிகளைச் சேர்த்து, பிஎஃப் தளத்தில் ஏற்ற வேண்டிய இசிஆர் கோப்பைத் தயார் செய்கிறாள். சம்பளம் ஏழாம் தேதிக்குள் போட வேண்டும். பிஎஃப் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். இன்று தேதி ஐந்து.

தம்பி விஎம்மைத் துவக்கினான். மீட்டெடுக்கும் பட்டை கொஞ்சம் நகர்ந்து நின்றது. நினைவகம் போதவில்லை என்று ஒரு பெட்டிச் செய்தி வந்தது. மூடினான். மறுபடி துவக்கினான். மறுபடி அதே.

"யாராவது கை வச்சாங்களாக்கா?"

"சாரோட மச்சான் பையன் வந்து லெவன் போட்டான். அப்புறம் எக்ஸ்பி ரொம்ப மெதுவாயிடுச்சு. சொன்னேன். 'ராமை ஏத்திவிட்டுட்டேன், இனிமே பறக்கும்'னான்."

தம்பி அமைப்புகளைத் திறந்தான். நினைவகம்: 4096 எம்பி. முன்பு 1024 இருந்ததாக அக்கா சொன்னாள். அவன் நகர்த்துகோலைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை, சாம்பல் நிறத்தில் உறைந்திருந்தது.

"மூடும்போது எப்படி மூடுவீங்க?"

"அப்படியே நிறுத்தி வைக்கிறதுக்கு ஒண்ணு இருக்குமே. சேவ் ஸ்டேட். அதான் எப்பவும். மறுநாள் விட்ட எடத்துலேயே நிக்கும்."

"நேத்து எந்த எடத்துல விட்டீங்க?"

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள். "ஹாஜர் ஏத்திக்கிட்டிருந்தேன். ரெண்டு நாளா. எஃப்-10 அடிச்சாத்தான் பதியும். இன்னும் பத்து பேர்தான்னு… காலையில வந்து முடிச்சிட்டு அடிக்கலாம்னு விட்டுட்டேன்."

போன் அடித்தது. மச்சான் பையன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, ஒண்ணுமில்ல, டிஸ்கார்ட்னு ஒரு பட்டன் இருக்கும், குடுங்க. அந்த சேவ் ஸ்டேட் போயிடும். அப்புறம் மெமரியக் கொறைச்சுக்கலாம்." தம்பி வலது கையை மவுஸிலிருந்து எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அந்தப் பட்டனை அழுத்துவது, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்குவதற்குச் சமம். பதியாத ஹாஜர் அத்தனையும் அதோடு போகும்.

"குடுத்துடலாம். அதுக்கு மொத எல்லாத்தையும் பார்த்துடுவோம்" என்றான். போனுக்குச் சொன்ன பதிலா, அக்காவுக்குச் சொன்னதா, தெரியவில்லை. போனை அக்கா வைத்துவிட்டாள்.

முதலில் அவன் செய்தது நகல். வெளி வட்டு ஒன்றைச் செருகி, விஎம் இருந்த ஃபோல்டரை முழுசாக அதில் இழுத்துப் போட்டான். பச்சைப் பட்டை ஊர்ந்தது. எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. அக்கா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விவசாயிக்கு சிட்டா நகல் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர் போகவில்லை. மழையும் மறுபடி பிடித்துக்கொண்டது.

நினைவகம் இருந்தும் இல்லை என்ற பேச்சு விஎம் உலகத்துக்குப் புதிதல்ல. 2014 அக்டோபரில் விண்டோஸ் 8.1-க்கு கேபி 2995388 என்றொரு அப்டேட் வந்தது. அதைப் போட்ட பல பெட்டிகளில், விஎம்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 10, போதுமான நினைவகம் இல்லை என்று சொல்லி விஎம்களைத் துவக்க மறுத்தது. பெட்டியில் நினைவகம் தாராளமாக இருந்தது. அதைக் கணக்கிட்ட விதத்தில்தான் கோளாறு. அமைப்புக் கோப்பில் ஒற்றை வரியைச் சேர்த்து மறுதுவக்கம் செய்தவர்களுக்குச் சரியாயிற்று. பிறகு 10.0.4 பதிப்பில் திருத்தமே வந்துவிட்டது. அதற்குள் எத்தனை பேர் கடைக்குப் போய்ப் புது ராம் வாங்கி மாட்டினார்களோ.

நகல் முடிந்தது. வட்டைக் கழற்றித் தம்பி மேசை இழுப்பறைக்குள் வைத்தான். பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நினைவகப் பக்கத்துக்குப் போனான். அக்காவை அருகில் கூப்பிட்டான். பெரியவரும் பேப்பரை மடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மொத்தம் எட்டு ஜிபி. இப்ப யூஸ்ல இருக்கிறது நாலு புள்ளி ரெண்டு. மூணரைக்கு மேல சும்மாதான் கெடக்கு, பாருங்க."

"அப்புறம் ஏன் இல்லேங்குது?"

"கீழ இன்னொரு கணக்கு இருக்கு. கமிட்டட். அஞ்சு புள்ளி ஒண்ணு, ஏழு புள்ளி எட்டுக்கு. இது எடுத்துக்கிட்டது இல்லக்கா, கேட்டு வச்சது. ஒவ்வொரு புரோகிராமும் வரும்போதே 'எனக்கு இவ்வளவு வேணும்'னு எழுதி வச்சிடும். எடுக்குதோ இல்லையோ, விண்டோஸ் அதைக் கணக்குல கழிச்சிடும். மிச்சம் ரெண்டு புள்ளி ஏழுதான். உங்க எக்ஸ்பி நாலு கேக்குது."

அக்காவின் புருவம் சுருங்கியது. பெரியவர்தான் சட்டென்று சொன்னார்:

"சேங்ஷன் லோடு."

தம்பி திரும்பினான்.

"ஃபேக்டரிக்காரன் நூறு கேவிஏ எழுதி வாங்கி வச்சிருக்கான். முப்பதுதான் எடுக்கிறான். அதுக்காக மிச்ச எழுபதைத் தூக்கி அடுத்தவனுக்கு எழுதிக் குடுத்துட முடியுமா? நாளைக்கே அவன் எல்லா மோட்டாரையும் போட்டான்னா?"

"அதேதான் பெரியப்பா."

அக்காவுக்கு இப்போது விளங்கிவிட்டது. கரண்டு சம்பந்தப்பட்ட எதுவும் இந்த ஊரில் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

லினக்ஸ் பொதுவாக இன்னொரு வழியில் போகும். கேட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகத் தலையாட்டிவிடும். பலபேர் கேட்டதை எடுக்கவே மாட்டார்கள் என்பது அதன் துணிச்சல். எல்லாரும் ஒரே சமயத்தில் வந்து நின்றுவிட்டால் யாரையாவது ஒருவரைத் தேர்ந்து கொன்றுவிடும். விண்டோஸ் அப்படிச் செய்வதில்லை. கொடுக்க முடியாததை ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொண்டதைக் கைவிடாது. அந்த நேர்மைதான் இன்று அக்காவின் வழியை மறித்து நிற்கிறது.

"ஏழு புள்ளி எட்டுதான் எல்லையா? அது எப்படி…" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு தம்பி உள்ளே உள்ளே போனான். சிஸ்டம், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ், வர்ச்சுவல் மெமரி. அங்கே 'பேஜிங் ஃபைல் வேண்டாம்' என்ற வட்டத்தில் புள்ளி வைக்கப்பட்டிருந்தது. சிரித்துவிட்டான்.

"மச்சான் பையன் வேலையா?"

"எஸ்எஸ்டி தேஞ்சிடும்னு ஏதோ நிறுத்துனான்."

ராம் போதாதபோது வட்டிலும் கொஞ்சம் இடத்தை நினைவகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்ற கணினிக்காக உருவான உபாயம். அதில் வட்டுக்குப் பதில் காந்த உருளை. அட்லஸ் இயங்கத் தொடங்கிய 1962-இல்தான் நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட்டும் ஓடத் தொடங்கியது. சோவியத் உதவியோடு எழுந்து 600 மெகாவாட் வரை வளர்ந்த பெரியவரின் நிலையம் 2020 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. அட்லஸின் உபாயம் இன்னும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓடுகிறது, யாராவது புள்ளி வைத்து நிறுத்தும்வரை.

தம்பி 8192 என்று இரண்டு கட்டத்திலும் அடித்தான். பெட்டியை மறுதுவக்கம் செய்தான். கமிட்டட் எல்லை ஏழு புள்ளி எட்டு இருந்த இடத்தில் பதினைந்து புள்ளி எட்டு. ராம் ஒரு துளி கூடவில்லை. எழுதி வைக்கிற நோட்டில்தான் தாள் கூடியிருக்கிறது. அது போதும்.

தானாகத் திறந்து நிற்கும் வாட்ஸ்அப்பை மூடினான். குரோமை மூடினான். ஒன்டிரைவை நிறுத்தினான். மவுஸை விஎம் பெயருக்கு மேலே கொண்டுபோனான். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் ஒரு நொடி வைத்தான். எடுத்து அழுத்தினான்.

பட்டை நகர்ந்தது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டியது. அக்கா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். தொண்ணூற்றெட்டில் நின்றது. ஜெராக்ஸ் மெஷின் பக்கமிருந்த பையனும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தான். திரை கறுத்தது. பிறகு நீலப் பின்னணியில், மஞ்சள் எழுத்தில், பெயர்களும் நாட்களும் கட்டம் கட்டமாக வந்து விழுந்தன. கர்சர் ஒரு பெயருக்கு எதிரே துடித்துக்கொண்டிருந்தது.

"அடிங்கக்கா. நீங்களே அடிங்க."

அக்கா நின்றபடியே குனிந்து எஃப்-10 அடித்தாள். கொஞ்சம் யோசித்து மறுபடியும் அடித்தாள். 'பதிவாகிவிட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இரண்டு தடவை வந்தது.

அதற்குமேல் நடந்ததெல்லாம் விறுவிறுவென்று. விட்டுப்போன பத்துப் பேரையும் அக்கா அங்கேயே ஏற்றி முடித்தாள். தம்பி எக்ஸ்பியை முறைப்படி ஷட்டவுன் செய்தான். இப்போது நகர்த்துகோல் உயிர்பெற்றது. 4096-இலிருந்து 1024-க்கு இழுத்தான்.

"ஏன் தம்பி, கொறைக்கிறியே?"

"எக்ஸ்பி வந்தப்ப அதுக்கு 64 எம்பி இருந்தாலே போதும்னு சொன்னாங்க. 128 இருந்தா நல்லதுன்னாங்க. இது ஆயிரம். உங்க புரோகிராம் இதுல பாதியக்கூடத் தொடாது. நாலு குடுத்தா அது வேகமா ஓடாதுக்கா. வெளிய இருக்கிற லெவனுக்கு மூச்சு முட்டும். லெவன் முட்டுனா உள்ள இருக்கிறதும் சேர்ந்து முட்டும்."

"அப்ப மெதுவானது எதனால?"

விஎம் சன்னலின் கீழ் ஓரத்தில் குட்டியாக ஒரு பச்சை ஆமை. அதைச் சுட்டினான். லெவனின் பாதுகாப்பு அமைப்பில் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்று ஒன்று இந்தப் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. தீய நிரல்கள் விண்டோஸின் உள்மனைக்குள் நுழையாதபடி, பிராசசரின் மெய்நிகராக்க வசதியை அது தானே பிடித்துக்கொள்கிறது. வர்ச்சுவல்பாக்ஸுக்கு நேரடியாகக் கிடைத்துவந்த வழி இப்போது அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஆமை வந்து உட்காருவது அதனால்தான். அதை அணைத்துவிட்டால் ஆமை போய்விடும்.

தம்பி அந்தப் பக்கம் வரைக்கும் போனான். சுவிட்சைப் பார்த்தான். தொடவில்லை.

"இந்தப் பெட்டியிலதான பேங்க் பாக்குறீங்க? பிஎஃப்பும் இதுலதான?"

"எல்லாம் இதுலதான்."

"அப்ப இது இருக்கட்டும். ஆமை நடந்தாலும் ஒங்க கணக்கு போய்ச் சேந்துடும்."

பழைய வர்ச்சுவல்பாக்ஸை எடுத்துவிட்டுப் புதுப் பதிப்பைப் போட்டான். நிறுத்தி வைத்த நிலை ஒன்று உள்ளே கிடக்கும்போது அதைச் செய்யக்கூடாது என்பதால் இதுவரை காத்திருந்திருக்கிறான். எக்ஸ்பியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றியதாக ஒரு டிக்கை எடுத்துவிட்டான். பதினோரு வருஷமாகக் காவல் இல்லாத வீட்டுக்கு வாசல் எதற்கு. துவக்கினான். புல்வெளி வந்தது. அக்டோபர் சம்பளப் பதிவேடு முழுதாக ஓடி, டெக்ஸ்ட் கோப்பு வெளியே வந்து விழுந்தது. அக்கா முகவரி-2 கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழ் வரை விரலால் ஓட்டிப் பார்த்தாள்.

"இனிமே சேவ் ஸ்டேட் வேணாம். முடிச்சா ஷட்டவுன். அதுக்கு முன்னால எஃப்-10." மார்க்கரால் எழுதி சிபியுவின் நெற்றியில் ஒட்டினான்.

"எவ்வளவு தம்பி?"

"ஐந்நூறு குடுங்க."

அக்கா ஒப்பந்ததாரருக்குப் போன் போட்டாள். சரியாகிவிட்டது என்பதைச் சொல்லி முடிக்கும்முன் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்துவிட்டது. குரல் கடை முழுக்கக் கேட்டது.

"என்ன போட்டான்? ராமா?"

"இல்ல சார்."

"ஹார்ட் டிஸ்க்கு மாத்துனானா?"

"இல்ல சார்."

"ஒண்ணுமே போடாம எதுக்கும்மா ஐந்நூறு?"

தம்பியின் காதில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே இருந்தது. காலையிலிருந்து ஒரு திருகாணியைக்கூட அவன் தொடவில்லை. அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ராம்னு எழுதிக் குடுத்துடு தம்பி. பில்லு பாஸாயிடும்" என்றாள்.

அவன் பில் புத்தகத்தை எடுத்து, பொருளின் பெயர் என்ற இடத்தில் நிதானமாக எழுதினான்: 'விஎம் மெமரி 4 ஜிபியை 1 ஜிபி ஆக்கியது. ரூ. 500'.

அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தாள். "கொறைச்சதுக்குக் காசு குடுப்பாரா இந்த மனுசன்?"

பெரியவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "ஏத்துறது யாருக்கும் சுளுவும்மா. சேங்ஷன் லோடைக் கொறைக்கணும்னாத்தான் மனுக் குடுத்து அலையணும்."

அக்கா தம்பியின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அவன் எழுதிய வரிக்குக் கீழே, தன் கணக்கெழுதும் கையெழுத்தில், ஒரு வரி சேர்த்தாள்: 'அக்டோபர் மாத ஹாஜர் மீட்டது'. இரண்டு தடவை அடிக்கோடு போட்டாள்.

"இப்பக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.